எய்யாமல் இறங்கும் மாலைகள்: கிராஸ்போவா, காம்பவுண்ட் வில்லா?

இங்கே அமெரிக்காவில், டேட்டன் நகரில் இருக்கும் தம்பி ஒருவர் போன மாதம் போன் செய்தார். கூடப் பிறந்தவர் இல்லை, பொங்கல் விழா ஒன்றில் பழக்கமானவர். "அண்ணே, இந்த நவம்பருக்கு நானும் மான் வேட்டைக்குப் போகலாம்னு இருக்கேன். கிராஸ்போ வாங்கவா, காம்பவுண்ட் வாங்கவா? ஒரே வார்த்தையில சொல்லுங்க" என்றார். சொன்னேன். ஆனால் அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் ஐந்து பருவங்கள் இருக்கின்றன. முதல் இரண்டில் கிராஸ்போ, அதாவது துப்பாக்கி போலக் கட்டையில் கிடையாகப் பொருத்தி விசையால் எய்யும் வில். அடுத்த மூன்றில் காம்பவுண்ட் வில், அதாவது முனைகளில் உருளைகள் வைத்த, கையால் இழுத்துப் பிடிக்கும் வில். அந்தக் கதையைப் போனில் சொல்லி முடியாது.

முதலில் ஒரு விஷயம். நம் ஊரில் மானைத் தொட்டால் 1972 வனவிலங்குச் சட்டப்படி ஜெயில்தான். நான் மரத்தில் கட்டிய வேட்டைப் பரணில் உட்கார்ந்து எடுத்த படத்தைப் பார்த்து அம்மா இன்னும் "போலீஸ் வராதாடா?" என்றுதான் கேட்கிறார். நான் இருக்கும் ஒஹாயோ மாநிலத்தில் கதை வேறு. லைசென்ஸ், மானுக்கான பெர்மிட், நிலத்துக்காரர் எழுதிக் கொடுத்த அனுமதி எல்லாம் வேண்டும். ஒரு வருடத்தில் ஒருவர் கொம்புள்ள மான் ஒன்றுக்கு மேல் எடுக்க முடியாது. எடுத்ததை மறுநாள் நண்பகலுக்குள் பதிவு செய்தாக வேண்டும்.

இங்கே வில் எடுப்பதற்கு ஒரு காரணம் உண்டு. வெள்ளைவால் மான்கள் இணைசேரும் பருவத்தை இங்கே எல்லோரும் 'ரட்' என்பார்கள். பகல் குறையக் குறைய மானின் உடம்பு தயாராகிறது. அதனால்தான் வெயிலோ குளிரோ, ஒவ்வொரு வருடமும் அது ஏறக்குறைய அதே நாட்களில் வந்து நிற்கிறது. ஒஹாயோவில் உச்சம் நவம்பர் நடுவில். பெரியவர்களுக்கான முக்கியத் துப்பாக்கி வாரமோ தேங்க்ஸ்கிவிங் (நவம்பர் நான்காம் வியாழன்) முடிந்த திங்களன்றுதான் தொடங்கும். அதற்குள் கூத்து பெரும்பாலும் அடங்கியிருக்கும். வில் பருவம் செப்டம்பர் கடைசியிலேயே தொடங்கிவிடும். ஆக, ரட்டைப் பார்க்க வேண்டுமென்றால் கையில் வில்தான். கிராஸ்போவுக்கு இங்கே தனித் தேதி கிடையாது, வில் பருவம் முழுக்க அதையும் எடுத்துப் போகலாம்.

கிராஸ்போவின் நல்லதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஸ்கோப் வழியாகப் பார்த்து விசையை இழுத்தால் போகும். ஒரு சனி ஞாயிறில் கற்றுக்கொண்டுவிடலாம். தோள்பட்டைச் சவ்வு போனவர்களும் எய்யலாம். மான் முன்னால் நிற்கும்போது கை அசைக்க வேண்டியதில்லை. இந்தக் கடைசி விஷயம் ரட்டில் சின்ன விஷயம் இல்லை.

மூன்றாம் பருவத்தில், காம்பவுண்டுக்கு மாறிய முதல் நவம்பரில் இதை அனுபவித்தேன். காலை ஒன்பதரை மணி. பெண்மான் ஒன்று பரணுக்குக் கீழே விழுந்தடித்து ஓடியது, பின்னாலேயே எட்டு முனைக் கொம்போடு ஒரு ஆண்மான், மூக்கைத் தரையில் தேய்த்தபடி. நான் நாணை இழுத்துப் பிடித்தேன். அது ஒரு முட்புதருக்குப் பின்னால் போய் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. என் வில் 55 பவுண்ட். முழுக்க இழுத்தபின் 80 சதவீத எடையை அந்த உருளைகள் வாங்கிக்கொள்ளும், கையில் நிற்பது 11 பவுண்ட்தான். 11 பவுண்ட் என்ன பெரிய எடை என்று கேட்பவர்கள் ஒரு நிமிடம் பிடித்துப் பார்க்கட்டும். கை நடுங்கத் தொடங்கியதும் மெதுவாக நாணை விட்டுக்கொடுத்தேன். அந்த அசைவை அது பார்த்துவிட்டது. வெள்ளை வாலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. கிராஸ்போ இருந்திருந்தால் மான் புதரைவிட்டு வரும்வரை தண்டவாளத்தில் (கிராஸ்போவில் அம்பு கிடக்கும் நீளப் பள்ளம்) அம்போடு சும்மா உட்கார்ந்திருக்கலாம்.

இவ்வளவும் தெரிந்தும் நான் காம்பவுண்ட் பக்கம்தான். ஏன் என்றால், கடையில் வில் வாங்கும்போது எல்லோரும் எய்யும் அந்த ஒரு நொடியைத்தான் நினைக்கிறோம். ஐந்து பருவத்தில் நான் பரணில் ஏறியது சுமார் 90 தடவை. மானை நோக்கி எய்தது ஐந்து தடவை. மிச்சம் 85 தடவை எய்யாமல் இறங்கினேன். அந்த 85 தடவையும் கையில் இருப்பது எப்படி நடந்துகொள்கிறது என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை.

காம்பவுண்டில் அது ஒன்றுமே இல்லை. இருட்டியதும் அம்பை நாணிலிருந்து கழற்றி அம்புக் கூட்டில் செருகினால் முடிந்தது. வில் நாள் முழுக்க ஓய்வில்தான் இருந்தது, இப்போதும் ஓய்வில் இருக்கிறது. கயிற்றில் கட்டி இறக்கிவிட்டு நாமும் இறங்கலாம்.

கிராஸ்போவில் அப்போதுதான் வேலை ஆரம்பம். விடியுமுன்பே மரத்தடியில் காலால் மிதித்து, இரண்டு கைப்பிடி உள்ள கயிற்றால் நாணை இழுத்துக் கொக்கியில் மாட்டியிருப்போம். என்னுடையது 185 பவுண்ட், கயிறு அதைப் பாதியாக்கும். பாதியே வியர்க்க வைக்கும். காலையில் வியர்த்தால் பிறகு பரணில் உறையும். நாற்றம் வேறு, மானின் மூக்குக்குச் சொல்லவே வேண்டாம். சாயங்காலம் அந்த நாணை இறக்க வேண்டும். அம்பு இல்லாமல் விசையை இழுத்தால் அடுத்த நொடியே வில்லின் கைகள் நொறுங்கலாம், நாண் அறுந்து முகத்தில் அடிக்கலாம். பழைய நாட்டு வில்லைப் போல மெல்லக் கையால் விட்டுக்கொடுக்கவும் முடியாது. வழி ஒன்றுதான்: மொட்டை முனை உள்ள அம்பு ஒன்றைப் போட்டு மண்ணிலோ ஃபோம் இலக்கிலோ எய்துவிட வேண்டும். விலை கூடிய சில மாடல்களில் கைப்பிடியைச் சுற்றியே நாணை இறக்கிவிடலாம். அந்த விலைக்கு என்னிடம் காசில்லை, அதனால் அதைப் பற்றித் தீர்ப்பு சொல்ல மாட்டேன்.

ஒருநாள் மாலை நடந்ததைச் சொல்கிறேன். நவம்பர் இரண்டாம் வாரம். சூரியன் ஐந்தேகாலுக்கே போய்விடும், அதன்பின் அரைமணி நேரம் சட்டப்படி எய்யலாம். அதுவும் முடிந்தது. நெற்றி விளக்கைப் போட்டுக் கீழே நின்று, கீழ்நோக்கி மண்ணில் எய்தேன். சத்தம் காட்டில் யாரோ தகரக் கதவை அறைந்தமாதிரி கேட்டது. நூறு கெஜம் தள்ளி, நான் நாள் முழுக்கக் காத்திருந்த அதே ஓடைக்கரையிலிருந்து மூன்று மான்கள் சீறிக்கொண்டு ஓடின. அம்பு இறகுவரை மண்ணுக்குள், அதன்மேல் ஓக் இலைகள். பதினைந்து நிமிடம் முழங்கால் போட்டுத் தேடினேன். கிடைத்தபோது முனை ஒரு வேரில் இறுகியிருந்தது, இழுத்ததில் பின்கொண்டை (அம்பின் வால்முனையில் செருகிய துண்டு) கையோடு வந்தது. மறுநாள் காலை அதே பரணில் ஏறினேன். பத்து மணிவரை அணில்தான்.

ரட்டில் இது ஏன் கூடுதலாக வலிக்கிறது என்றால், அந்த நாட்களில் ஆண்மானைத் தேடி நாம் போவதில்லை. பெண்மான்கள் எங்கே படுக்கின்றனவோ அதற்குப் பக்கத்தில் உட்காருகிறோம், அவன் தானாக வருவான். ஒரு பெண்மான் இணங்கி நிற்பது சுமார் ஒரு நாள்தான், அதனால் அவன் ஒவ்வொரு படுக்கையாக மோந்து பார்த்துக்கொண்டே திரிவான். அந்தப் படுக்கைக்காரிகளைக் கலைக்காமல் வைத்திருப்பதுதான் நம்முடைய முழு மூலதனம். தினமும் மாலை அங்கே அந்தத் தகரக் கதவுச் சத்தத்தைக் கிளப்பினால் மூலதனம் கரையும். இலக்கைக் காரில் வைத்துவிட்டு அங்கே நடந்துவந்து எய்யலாமே என்பீர்கள். செய்தேன். இழுத்து மாட்டிய கிராஸ்போவோடு, அம்பு கழற்றியிருந்தாலும், இருட்டில் முக்கால் மைல் சேற்றில் நடப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்து நாணின் தேய்மானம். மாட்டி எய்வது ஒவ்வொன்றும் நாணையும் அதன்மேல் சுற்றிய நூலையும் தண்டவாளத்தில் தேய்க்கிறது. 40 நாள் பரணில் இருந்தால், ஒரு மானைக்கூடப் பார்க்காவிட்டாலும், 40 தடவை எய்த தேய்மானம். இரண்டாம் பருவத்தில் எனக்கு நடுநூல் பிரிந்தது நவம்பர் 8 அன்று. மாற்ற அழுத்தக் கருவி வேண்டும், அது கடையில்தான் இருக்கும். கடையில் எனக்கு முன்னால் நீண்ட வரிசை. ஒன்பது நாள் ஆனது. வருடத்தின் அந்த ஒன்பது நாள். மெழுகு போடுவதில் நான் கொஞ்சம் சோம்பேறித்தனம் காட்டினேன் என்பதும் உண்மை. காம்பவுண்டின் நாணுக்கும் அதே கருவி வேண்டும்தான், அதையும் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்தான். ஆனால் அது தேய்வது நான் ஆகஸ்டில் கொல்லைப்புறத்தில் பழகும்போது. நூல் பிரிந்தால் அப்போதே தெரியும், கடையிலும் கூட்டம் இருக்காது.

இன்னொன்றைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. எப்படியும் இதை எய்துதான் இறக்க வேண்டும் என்று தெரிந்தால், கடைசி வெளிச்சத்தில், எய்யக் கூடாத தூரத்தில், 45 கெஜத்தில் வரும் மானைப் பார்த்து மனசு கணக்குப் போடும். இரண்டு தடவை எனக்கு விரல் விசைக்குப் போயிருக்கிறது. எய்யவில்லை. ஆனால் போனது.

கிராஸ்போ தூரம் போகுமே என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. சத்தம் நொடிக்குச் சுமார் 1,100 அடி போகும். கிராஸ்போ அம்பு 400 அடி. 40 கெஜம் என்பது 120 அடி. அம்பு போய்ச்சேர 0.3 நொடி, சத்தம் போய்ச்சேர 0.11 நொடி. இடையில் மானுக்கு ஐந்தில் ஒரு பங்கு நொடி கிடைக்கிறது. விறைத்து நிற்கும் மான் அதற்குள் உடம்பைத் தாழ்த்தி ஓடத் தயாராகிவிடும், நுரையீரலுக்குக் குறிவைத்த அம்பு முதுகில் போகும். காம்பவுண்ட் அம்பு இன்னும் மெதுவு, சுமார் 280 அடி, ஆனால் சத்தம் குறைவு. எது எடுத்தாலும் என் காட்டில் 25 கெஜத்துக்கு மேல் நான் எய்வதில்லை. அந்தத் தூரத்தில் வேகம் பேசுவது வீண்.

விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. என் கிராஸ்போ ஸ்கோப்போடு 480 டாலர், விற்றபோது 300. ஒரே நாளில் போனது, ஏனென்றால் யார் கைக்கும் பொருந்தும். காம்பவுண்ட் நம் கை நீளத்துக்கு அளவெடுத்தது, விற்கும்போது அதே நீளக் கைக்காரன் வரவேண்டும். இந்த விஷயத்தில் கிராஸ்போவுக்கே ஓட்டு.

உருளையோ விசையோ இல்லாத, நுனி வளைந்த ரிகர்வ் வில்லைப் பற்றியும் கேட்பார்கள். ஆறு மாதம் பழகியிருக்கிறேன். பிடித்தாலே ஒரு சுகம், கையால் நாண் ஏற்றலாம், எந்தக் கடை வரிசையிலும் நிற்க வேண்டாம். ஆனால் மானை நோக்கி எய்ததில்லை, 12 கெஜத்துக்கு மேல் என் அம்புகள் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குள் அடங்கவில்லை. அதனால் அதோடு காட்டுக்குப் போகவில்லை.

சரி, டேட்டன் தம்பிக்கு என்ன சொன்னேன்? "கிராஸ்போ" என்றேன். அவருக்கு ஒன்பது மாதக் குழந்தை, இரவு ஷிப்ட், தினமும் இருபது அம்பு எய்து பழக நேரமில்லை. பழகாத கையில் காம்பவுண்ட் இருந்தால் காயம்பட்ட மானைத்தான் இருட்டில் தேட வேண்டிவரும். அதற்கு என் கிராஸ்போ மாலைகளின் எரிச்சல் எவ்வளவோ மேல்.

"அப்ப நீங்க ஏண்ணே காம்பவுண்ட் வச்சிருக்கீங்க?" என்று கேட்டார். என் பையனுக்குப் பதினைந்து வயது, சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால்கூட வராமல் எய்துகொண்டே இருக்கிறான், நான் பழகாமல் இருக்க வழியில்லை என்றேன். அப்புறம் மொட்டை முனை அம்பு ஒன்று போதாது, இரண்டு வாங்குங்கள், பளிச்சென்ற ஆரஞ்சுக் கொண்டையோடு, ஃபோம் இலக்கு சின்னதாக முதுகுப்பையில் அடங்குகிறமாதிரி என்றும் சொன்னேன். குறித்துக்கொண்டாரா தெரியவில்லை, பின்னால் குழந்தை அழுதுகொண்டிருந்தது.