அப்பாவின் தொடையில் ஒரு கட்டி

நல்லூர்த் திருவிழாவுக்கென்று லண்டனிலிருந்து மூன்று கிழமை லீவில் கொக்குவில் போயிருந்தேன். போன மறுநாளே அப்பா நொண்டி நடப்பதைக் கண்டேன். தொடையில் கட்டி, சிவந்து, சூடாகி, சீழ் கோத்திருந்தது. அவருக்குச் சீனி வருத்தம் வேறு.

"குளிசை போட்டனான், மாறும்" என்றார். டொக்டரின் துண்டு இல்லாமலே ஒரு மருந்துக்கடையில் குளொக்சசிலின் கொடுத்திருக்கிறார்கள். நோவு குறையவில்லை என்றதும் இன்னொரு கடையில் அமொக்சிசிலின். இரண்டும் பென்சிலின் வகை நுண்ணுயிர்க்கொல்லிகள். கடைக்காரரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கேட்டு வாங்கியது நாங்கள்தானே.

அரச ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். காலை ஏழரைக்கே வாங்குகளில் இடமில்லை. ஆனால் உள்ளே கிடைத்த கவனிப்பை மறக்க மாட்டேன். இளம் டொக்டர் ஒருவர் கட்டியைக் கீறிச் சீழை வெளியேற்றி, அதில் கொஞ்சத்தைப் பரிசோதனைக்கு அனுப்பினார். இப்படியான கட்டிக்குக் கீறுவதுதான் முதல் வைத்தியம் என்றார். மருந்து கட்டிய தாதி ஒவ்வொரு நோயாளிக்கும் முன்னும் பின்னும் கை சுத்தம் செய்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு சதம் செலவில்லை.

மூன்றாம் நாள் முடிவு வந்தது: எம்ஆர்எஸ்ஏ, அதாவது மெதிசிலின் போன்ற மருந்துகளுக்கு அடங்காத ஸ்டாபிலோகொக்கஸ் ஒரியஸ் என்ற கிருமி. ஆஸ்பத்திரியில் கிடந்தவர்களுக்குத்தான் அது வரும் என்று நினைத்திருந்தேன். அப்பா வாட்டில் படுத்ததே இல்லை. பென்சிலின் வகை மருந்து, கிருமி தன் சுவரைக் கட்டப் பயன்படுத்தும் புரதத்தில் ஒட்டித்தான் அதைக் கொல்கிறது. இந்தக் கிருமியிடமோ அந்த மருந்து சரியாக ஒட்டாத வேறொரு புரதம் இருக்கிறது. அதனால்தான் அப்பா வாங்கிய இரண்டு குளிசையும் எடுபடவில்லை. பென்சிலின் வகையைச் சேர்ந்த மெதிசிலின் 1959இல் வந்தது. 1961இலேயே இங்கிலாந்தில் அதற்கு அசையாத கிருமியைக் கண்டுவிட்டார்கள்.

"அந்தக் குளிசையாலதான் இது வந்ததா, டொக்டர்?" என்று கேட்டேன்.

"அப்பிடிச் சொல்லேலாது. ஆனா தேவையில்லாமப் போடப் போட, மருந்துக்கு அடங்கிற கிருமி சாகும், அடங்காதது மிஞ்சும். வீட்டில வேற ஆருக்கும் கட்டி வந்ததோ?"

அப்போதுதான் நினைவு வந்தது. போன மாதம் அக்காவின் மகனுக்கும் முழங்காலில் கட்டி. கிணற்றடியில் எல்லாருக்கும் ஒரே துவாய்.

அன்றே ஆளுக்கொரு துவாய் வாங்கினோம். பரிசோதனைத் தாளை அப்பாவின் கிளினிக் கொப்பியில் ஒட்டினேன். இனி எந்த டொக்டரிடம் போனாலும் முதலில் அதைக் காட்டச் சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறினேன்.