ஓட்டுக் கூரைக்குக் கீழே ஒரு 5.1 சவுண்ட்பார்

சேரன்மகாதேவிக்கு அருகிலுள்ள எங்கள் வீட்டுக்கு 43 அங்குலத் தொலைக்காட்சி வந்த நாள் முதல், படம் துலக்கமாகத் தெரிந்தும் பேச்சு மட்டும் விளங்காமலே இருந்தது. "ஏல, அவ என்ன சொல்லுதா?" என்று தொடரின் நடுவே ஆச்சி கேட்பதும், நான் ஒலியைக் கூட்டுவதும், உடனே விளம்பரம் வந்து வீடே அதிர்வதும் வழக்கமாகிவிட்டன. குறை ஆச்சியின் காதில் மட்டும் இல்லை. இன்றைய தட்டைத் தொலைக்காட்சிகளின் சிறு ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் கீழ்நோக்கியோ பின்நோக்கியோ அமைந்திருப்பதால், குரல் மேசையிலோ சுவரிலோ பட்டுத் தெறித்த பிறகே நம்மிடம் வந்து சேர்கிறது.

தொலைக்காட்சிக்குக் கீழே வைக்கும் நீள ஸ்பீக்கரான சவுண்ட்பார் வாங்குவதென்று முடிவானதும் வண்ணார்பேட்டையிலும் பாளையங்கோட்டையிலுமாக மூன்று கடைகள் ஏறி இறங்கினேன். முதல் இரண்டு கடைகளிலும் போட்டுக் காட்டியது வெடிச்சத்தம்தான். கோவில் கொடை விழாவுக்குக் கட்டும் ஸ்பீக்கரைக் கேட்டு வளர்ந்த நமக்கு, நெஞ்சு அதிர்ந்தாலே நல்ல செட் என்று தோன்றிவிடும். ஆகவே மூன்றாவது கடைக்குப் போகும்போது, எங்கள் ஊர்க் கொடையில் பதிவுசெய்த வில்லுப்பாட்டை பென் டிரைவில் கொண்டுபோனேன். குடத்தின் கும்மென்ற அடி, வில்லில் கட்டிய மணிகளின் கலகலப்பு, இரண்டுக்கும் இடையே கதை சொல்லும் புலவரின் குரல் என்று, ஒரு செட்டைச் சோதிக்க வேண்டிய அனைத்தும் அதில் இருக்கின்றன. அங்கிருந்தவற்றில் விலை கூடிய ஒன்றில் குடம் குரலை விழுங்கிவிட்டது. அதை அத்துடன் விட்டுவிட்டேன்.

விற்பனையாளர் விடாமல் பரிந்துரைத்தது டால்பி அட்மாஸ் உள்ள 3.1.2 வகையை. முதல் எண் நம்மைச் சுற்றியுள்ள ஒலித்தடங்களையும், இரண்டாவது தாழ்ந்த ஒலிக்கென்று உள்ள சப்வூஃபர் என்ற ஸ்பீக்கரையும், மூன்றாவது உயரத்திலிருந்து வருவதாகத் தோன்ற வேண்டிய ஒலித்தடங்களையும் குறிக்கின்றன. 2012-இல் திரையரங்குகளுக்கு வந்த அட்மாஸில் மேலேயுள்ள ஒலிக்குக் கூரையிலேயே ஸ்பீக்கர் பொருத்துவார்கள்; சவுண்ட்பாரிலோ மேல்நோக்கிய ஸ்பீக்கர் ஒலியைக் கூரையில் மோதவிட்டு நம் மீது இறக்குகிறது. இதற்குச் சமதளமான கூரை வேண்டும். பாளையங்கோட்டையில் சித்தப்பாவின் கான்கிரீட் வீட்டில் மழைக்காட்சி ஓடும்போது நான் அண்ணாந்து பார்த்திருக்கிறேன். ஆனால் பட்டாசல் என்று எங்கள் பக்கத்தில் சொல்லும் எங்கள் கூடத்துக்கு மேலிருப்பது சரிந்து இறங்கும் ஓட்டுக் கூரை. அங்கே மோதும் ஒலி எங்கே போகும் என்று ஓட்டைத்தான் கேட்க வேண்டும். எனவே, பின்புறத்துக்கென்று உண்மையாகவே இரண்டு ஸ்பீக்கர்கள் தரும் 5.1 அமைப்பை, 17,000 ரூபாய்க்கு எடுத்தேன். பட்டியலில் 400 வாட் என்றிருந்தது. தொடர்ந்து தரக்கூடிய திறனைக் குறிக்கும் ஆர்எம்எஸ் என்ற சொல் அருகில் இல்லாத வாட் கணக்கை நான் பொருட்படுத்துவதில்லை.

பின் ஸ்பீக்கர்கள் வயர்லெஸாக இருந்தால் நல்லது என்று முதலில் நினைத்தேன். ஆனால் ஒலிதான் கம்பியில்லாமல் வருமே தவிர, அவற்றுக்கு மின்சாரம் வேண்டும். எங்கள் பின்சுவரில் பிளக் பாயிண்ட் இல்லை. கம்பியுள்ளதை வாங்கி, எலிக்குப் பயந்து பிவிசி குழாய்க்குள் விட்டு உத்தரத்தின் மேலாகக் கொண்டுபோனேன்.

பொருத்த வந்த கடைப் பையன், தொலைக்காட்சியின் ஒலியைச் சவுண்ட்பாருக்கு அனுப்பும் எச்டிஎம்ஐ ஏஆர்சி துளையில் கேபிளைச் சொருகிவிட்டுப் போய்விட்டார். ஒரு வாரம் பின் ஸ்பீக்கர்களில் மூச்சே இல்லை. நாற்காலி மேலேறிக் காதை ஒட்டவைத்துப் பார்த்த பிறகே ஐயம் வந்து, தொலைக்காட்சியின் டிஜிட்டல் ஒலி வெளியீட்டைப் பார்த்தால், பிசிஎம் என்று இருந்தது. அந்த அமைப்பில் ஏஆர்சி வழியே இரண்டு தடங்கள் மட்டுமே வரும். அதை ஆட்டோவுக்கு மாற்றியதும் ஓடிடி படத்தில் முதுகுப் பக்கம் ஒரு கதவு சாத்தும் ஓசை கேட்டது. புளூடூத்தில் இணைப்பவர்களுக்கு வேறு தொல்லை உண்டு: வாயசைப்புக்குப் பிறகு பேச்சு வருவதை ஆச்சியால் ஒரு நாள்கூடப் பொறுக்க முடியவில்லை.

சப்வூஃபரை மூலையில் வைத்தபோது பரணில் இருந்த பித்தளைச் சாமான்கள் சடசடத்தன. இரண்டு சுவர்கள் சேரும் இடம் தாழ்ந்த ஒலியைப் பெருக்கிக் காட்டும். நான்கு அடி நகர்த்தியதும் அடங்கிவிட்டது. சிமெண்டுத் தரையின் எதிரொலிக்குப் பத்தமடைப் பாய் விரித்துப் பார்த்தேன். பாய் அழகு, பயனில்லை. கனத்த ஜமுக்காளமும் ஜன்னல் திரையும் ஓரளவு உதவின.

செட்டில் குறைகளும் உள்ளன. செய்தி, நெடுந்தொடர் போன்றவை பெரும்பாலும் ஸ்டீரியோவிலேயே வருவதால், அந்நேரங்களில் பின் ஸ்பீக்கர்களுக்குச் சொல்லும்படி வேலையில்லை. ஆயினும் பேச்சைத் தரும் நடு ஸ்பீக்கருக்கு மட்டுமே முழு விலையும் தகும் என்பேன். ஒலி முன்பு 40-இல் இருந்தது, இப்போது 18-இல் நிற்கிறது, ஆச்சியின் கேள்வியும் மாறி, "இவ ஏன் இன்னும் அந்த வீட்டுல இருக்கா?" என்று ஆகியிருக்கிறது.