இலவச டிஷ்ஷா, கேபிளா? ஒரு வேலூர் வீட்டுக் கணக்கு

தூர்தர்ஷனின் இலவசச் சேவையான டிடி ஃப்ரீ டிஷ்ஷுக்கு மாதச் சந்தா இல்லை. குடையும் (மாடியில் வைக்கும் டிஷ் ஆன்டெனா) பெட்டியும் ஒருமுறைச் செலவு, அவ்வளவுதான். அப்போ பணம்? தனியார் சேனல்கள் ஏலத்தில் இடம் பிடித்து, தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதிக்குக் கட்டுகின்றன. அதை விளம்பரத்தில் எடுக்கப் பார்க்கின்றன. அதனால்தான் பெரிய சந்தையுள்ள இந்திச் சேனல்களுக்கு அங்கே கூட்டம். வடநாட்டு மாணவர்கள் தங்கும் காட்பாடி வீடுகளுக்குச் சரி. நமக்கு டிடி தமிழ் உண்டு, கட்டணச் சேனல் சீரியல் வராது.

கேபிளில் விளம்பரமும் பார்க்க வேண்டும், காசும் கட்ட வேண்டும். 2011இல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்! இன்றைய பில்லில் இணைப்புக் கட்டணம், சேனல் விலை, மேலே 18 சதவீத ஜிஎஸ்டி. ஆனாலும் சத்துவாச்சாரியில் மழைக்கு ஒயர் அறுந்தால் கேபிள்காரர் ஏணியோடு வருவார். குடை திரும்பினால் நீங்கள்தான் மாடியேற வேண்டும். சாயங்கால சீரியல் விடாத மாமியார் வீட்டில் இருந்தால் கேபிளே கட்டுங்கள்.