மூலை வீட்டுக்கு எது சரி: ஆறடி பலகை வேலியா, உயிர்வேலியா?

லண்டனில் எங்கள் வீடு தெருமுனையில் இருக்கிறது. முன்னால் ஒரு தெரு, பக்கவாட்டில் இன்னொன்று. பின்தோட்டத்தில் பிள்ளைகள் விளையாடினால் நடைபாதையில் போகிற எல்லோரும் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள். வேலி போடுகிற ஆளைக் கேட்டால், எல்லோரும் ஆறடிதான் போடுகிறார்கள், நீங்களும் போடுங்கள் என்றார்.

இங்கிலாந்துச் சட்டப்படி (ஸ்காட்லாந்து, வேல்ஸ் கணக்கு தனி) கவுன்சிலிடம் (உள்ளூர் நிர்வாகம்) அனுமதி வாங்காமல் 2 மீட்டர் வரை வேலியோ சுவரோ எழுப்பலாம், வண்டி ஓடும் சாலையை ஒட்டி என்றால் 1 மீட்டர்தான். பக்கவாட்டுத் தெருவைத் தொடுகிற எல்லை நமக்குப் பின்தோட்டம், சட்டத்துக்குச் சாலையோரம், அவ்வளவுதான். 'ஒட்டி' என்றால் எத்தனை அடி என்று சட்டத்தில் எண் கிடையாது. அரை மீட்டர் உள்ளே தள்ளிப் போட்டாலும், பார்வைக்கு வீட்டையும் சாலையையும் பிரிக்கிற எல்லை அதுதான் என்றால் 1 மீட்டர் விதிக்குள் வந்துவிடலாம்.

பக்கத்து வீட்டுப் பக்கம் சிக்கலே இல்லை. 1.83 மீட்டர் பலகை, அடியில் 15 சென்டிமீட்டர் கான்கிரீட் பலகை, மொத்தம் 1.98. அடிப்பலகையை 30 சென்டிமீட்டராக வாங்கினால் 2.13, அளவு தாண்டிவிடும். மேலே வைக்கிற பின்னல் தட்டியும் (trellis) உயரக் கணக்கில் சேரும்.

செங்கல் சுவர் அழகு, ஆயுசு கெட்டி, செலவும் அதிகம். ஆனால் 1 மீட்டர் சுவர் எதை மறைக்கும்?

சாலைப் பக்கம் ஆறடி பலகை போட்டால் அன்றைக்கே மறைவு கிடைத்துவிடும், அது உண்மை. என்னைத் தடுத்தது வீட்டை விற்கும்போது வருகிற தலைவலி. அனுமதியில்லாமல் போட்டாலும் நாலு வருஷம் தாண்டினால் கவுன்சில் ஒன்றும் செய்ய முடியாது என்று இன்னும் பலர் சொல்கிறார்கள். அது பழைய கதை. 2024 ஏப்ரல் 25 முதல் முடிக்கிற வேலைகளுக்கு அது 10 வருஷம். அதற்குள் விற்கப் போனால் வாங்குகிறவரின் வக்கீல் அனுமதிக் கடிதம் எங்கே என்பார். முறைப்படி விண்ணப்பித்தும் போடலாம்தான். நான் அந்த வழியில் போகவில்லை, அதனால் அது எவ்வளவு சுலபம் என்று என் அனுபவத்தில் சொல்ல முடியாது.

நான் வைத்தது பீச் (beech) செடி. அந்த உயர வரம்பு வேலிக்கும் சுவருக்கும் கேட்டுக்கும்தான், செடிக்கு இல்லை. உயரமான உயிர்வேலி பற்றி அக்கம்பக்கத்தார் புகார் செய்ய 2003-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது, ஆனால் அது 2 மீட்டருக்கு மேல் போன, வருஷம் முழுக்கப் பச்சையாகவோ அரைப்பச்சையாகவோ இருக்கிற வரிசைக்குத்தான். பீச் இலையுதிர் மரம், அதில் சேராது. அதே நேரம் வெட்டிப் பராமரித்தால் காய்ந்த இலையைக் குளிர்காலம் முழுக்க உதிர்க்காமல் பிடித்துக்கொண்டு நிற்கும், மறைவுக்கு மறைவு. குளிர்காலத்தில் மண்ணில்லாமல் வேரோடு விற்கிற கன்று மலிவு.

ஒன்று மட்டும் பாருங்கள்: சில குடியிருப்புகளில் வீடு கட்டின அனுமதியிலேயே முன்பக்கம் திறந்திருக்க வேண்டும் என்று நிபந்தனை இருக்கும், அங்கே செடிக்கும் தடை வரலாம். அப்புறம் நடைபாதைக்குக் கிளை நீண்டால் வெட்டச் சொல்லிக் கவுன்சில் கடிதம் போடும். வருஷத்துக்கு ஒரு தடவை, ஆகஸ்ட் கடைசியில், குருவிக்கூடு இல்லை என்று பார்த்துவிட்டு வெட்டுகிறேன்.

நட்டு இரண்டு குளிர்காலம்தான் ஆகிறது, பத்து வருஷம் கழித்து எப்படி இருக்கும் என்று நான் பார்த்ததில்லை. இப்போதைக்கு என் இடுப்பளவு. நடைபாதையில் போகிறவர்கள் இன்னும் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள்.