கும்பகோணம் டேப் ரிப்பேர் கடை: 23 கேசட்டும் ஸ்வர்ணலதாவும்

கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. பெயரும் போன் நம்பரும் எழுத வேண்டாம் என்று கடைக்காரரே சொல்லிவிட்டார். கூட்டம் வந்தால் சமாளிக்க ஆளில்லையாம். நாகேஸ்வரன் கோயில் பக்கம் போய் "பழைய டேப்பெல்லாம் பாப்பாரே, அவர் கடை எங்க" என்று கேளுங்கள், கை காட்டுவார்கள். மாடிப்படிக்கு அடியில் ஆறடிக்கு ஆறடி இடம். வாசலில் மிக்ஸியும் அயர்ன்பாக்ஸும் அக்கக்காகக் கிடக்கும். அதைப் பார்த்து இங்கே போய் என்ன என்று திரும்பிவிடாதீர்கள், நான் முதல் தடவை திரும்பிவிட்டேன்.

போன ஆடியில் வெள்ளையடிக்கப் பரணைக் காலி பண்ணினபோது ஹார்லிக்ஸ் அட்டைப்பெட்டியில் கேசட்டுகள் கிடைத்தன. எண்ணினால் 23. பாதிக்கு மேல் வெள்ளையாகப் பூஞ்சை. ஆக்கர்காரரிடம் போட வேண்டியதுதான் என்றார் வீட்டுக்காரர். நான் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

அதில் பதினோரு கேசட் ஸ்வர்ணலதா. எங்கள் வீடு அப்போது வலங்கைமான். அண்ணன் கும்பகோணத்தில் காலேஜ். நாலு கோடு நோட்டுத் தாளில் நான் எழுதிக் கொடுக்கிற லிஸ்டை ரெக்கார்டிங் சென்டரில் கொடுத்துவிட்டு வருவான், அடுத்த வாரம் கேசட் வரும். எல்லாரும் ரஜினி பாட்டு, ராமராஜன் பாட்டு என்றுதான் கேட்பார்களாம். "பாடகி பேரைச் சொல்லிக் கேக்குறது ஒந்தங்கச்சி ஒருத்திதாம்ப்பா" என்று அந்த சென்டர்காரர் சொன்னதை அண்ணன் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பான். அறுபது நிமிஷக் கேசட்டில் பன்னிரண்டு பாட்டு சரியாக அடங்கும். நான் ஆசைப்பட்டுப் பதிமூன்று எழுதுவேன். அதனால் பி சைடு கடைசிப் பாட்டு எப்போதும் பாதியில் டக்கென்று நிற்கும்.

ராத்திரி கொல்லையில் அம்மா நெல் அவிப்பாள். அடுப்புக்குப் பக்கத்து ஜன்னலில் டேப்ரிக்கார்டர் இருக்கும். 1990-இல் வந்த சத்ரியன் படத்தின் 'மாலையில் யாரோ' பாட்டை நான் அவித்த நெல் வாசனையோடுதான் கேட்டிருக்கிறேன். இப்போது எந்த ரைஸ் மில்லைத் தாண்டினாலும் அந்தப் பாட்டு தானாக வந்துவிடும்.

பாலக்காட்டுப் பக்கம் பிறந்தவர் ஸ்வர்ணலதா. 1987-இல் எம்.எஸ்.விஸ்வநாதன் இசையில் முதல் பாட்டு பாடியபோது வயது 14. கருத்தம்மாவுக்காகத் தேசிய விருது வாங்கியவர். ராக்கம்மா, முக்காலா என்று ஊரே ஆடிய பாட்டெல்லாம் அவர் குரல்தான், ஆனால் ஆளை யாருக்கும் தெரியாது. பேட்டி, மேடைப் பேச்சு எதிலும் அதிகம் தலைகாட்ட மாட்டார். 2010 செப்டம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை. பிள்ளையார் சதுர்த்திக்கு மறுநாள். மிச்சக் கொழுக்கட்டையைச் சூடு பண்ணிக்கொண்டிருக்கும்போது டிவியில் அடிவரியாக ஓடியது. நுரையீரல் கோளாறு, வயது 37. என்னைவிட நாலே வயது மூத்தவர். "யாரு, போவோமா ஊர்கோலம் பாடுச்சே, அதுவா? அடப்பாவமே" என்றார் வீட்டுக்காரர், குளிக்கப் போய்விட்டார். எனக்கு யாரிடம் பேசுவதென்று தெரியவில்லை. கேசட்டை எடுத்துப் போடலாம் என்றால் டேப்ரிக்கார்டரில் பெல்ட் அறுந்து வருஷம் ஆகியிருந்தது. கொழுக்கட்டையைத் தட்டில் வைத்தேன், அவ்வளவுதான் அன்றைக்கு நான் செய்தது.

கடைக்கு வருகிறேன். கடைக்காரர் அண்ணனுக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். பெட்டியைப் பிரித்ததும் ஸ்குரூ வைத்த கேசட்டைத் தனியாகவும், ஒட்டி மூடிய கேசட்டைத் தனியாகவும் அடுக்கினார். ஸ்குரூ வைத்ததைக் கழற்றிப் பூஞ்சையைத் துடைக்கலாம், ஒட்டினதை ஓரத்தில் உடைத்து நாடாவை வேறு கூட்டுக்கு மாற்ற வேண்டும். அதற்கு ஐம்பது ரூபாய் அதிகம். ரெண்டு கேசட்டில் நாடா அப்பளமாக ஒட்டிப் போயிருக்கிறது, தேறாது என்று அப்போதே சொல்லிவிட்டார். தேறாததை வாங்கி வைத்துக்கொண்டு இழுத்தடிக்கிற ஆள் இல்லை.

நான் நம்பிக்கை வைத்தது அடுத்து நடந்ததில். ஒரு கேசட்டைப் போட்டுக் காட்டச் சொன்னேன். 'மாலையில் யாரோ'தான், ஆனால் போர்வைக்குள்ளிருந்து பாடுகிற மாதிரி இருந்தது. போச்சு என்று நினைத்தேன். "டேப்பு போவலம்மா. அன்னைக்கிப் பதிஞ்ச மெசின்ல ஹெட்டு கோணலா இருந்திருக்கு. நம்ம ஹெட்டையும் அதே கோணலுக்குக் கொண்டாரணும்" என்று சொல்லி (ஹெட் என்றால் நாடாவில் உரசிப் பாட்டை எடுக்கிற பாகம்), கடிகாரக்காரர் வைத்திருப்பது போன்ற ஒரு குட்டி ஸ்குரூடிரைவரை எடுத்தார். ஃபேனை நிறுத்தினார். பாட்டு ஓட ஓட, ஹெட்டுக்குப் பக்கத்து ஸ்குரூவை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினார். தாண்டிப் போனது, மங்கியது, திரும்ப வந்தார். ஒரு இடத்தில் சட்டென்று சகரமெல்லாம் கூர்மையாகி ஸ்வர்ணலதா எதிரில் வந்து உட்கார்ந்துவிட்டார். ஆடி மாதப் புழுக்கத்தில் வேர்த்துக் கொட்டுகிறது, ஃபேனைப் போட ரெண்டு பேருக்கும் மனசில்லை. பாட்டு முடிந்த பிறகுதான் போட்டார். "போனப்ப பேப்பர்ல இத்தனூண்டு போட்டிருந்தான்" என்று விரலைக் காட்டினார். பதினாலு வருஷம் கழித்து எனக்குத் துக்கம் கேட்க ஒரு ஆள் கிடைத்தார்.

இனி குறை. பத்து நாள் என்றவர் 26 நாள் எடுத்துக்கொண்டார். ஒரு மணி நேரக் கேசட்டைப் பென்டிரைவில் பதிய ஒரு மணி நேரம் ஓடித்தான் ஆக வேண்டும், அது புரிகிறது. ஆனால் நாலு தடவை "நாளைக்கி வாங்கம்மா" என்று அலையவிட்டது அநியாயம். ஃபைல்களுக்கு ஏ1, ஏ2 என்றுதான் பெயர், பாட்டின் பெயர் நாமே போட்டுக்கொள்ள வேண்டும். பென்டிரைவில் யார் வீட்டுக் கேசட்டோ, ஐயப்பன் பஜனையும் சேர்ந்து வந்தது.

பெரிய குறை வேறு. பதிந்ததை அவருடைய அக்கா பையன் கம்ப்யூட்டரில் போட்டு இரைச்சலை எடுத்திருக்கிறான். என்னைக் கேட்கவில்லை. வீட்டில் போட்டுக் கேட்டால் கண்ணாடி மாதிரி இருந்தது, என்னவோ இடித்தது. மூன்றாவது தடவைதான் பிடிபட்டது. வரிக்கும் வரிக்கும் நடுவில் ஸ்வர்ணலதா மூச்சு இழுக்கிற சத்தம் இல்லை. நாடா இரைச்சலும் மூச்சும் கம்ப்யூட்டருக்கு ஒன்றுதான், ரெண்டையும் சேர்த்துத் துடைத்துவிட்டது.

மறுநாளே போனேன். "மூச்சு போயிடுச்சுண்ணே" என்றேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் கேட்டார். கழற்றி வைத்துவிட்டுப் பையனைக் கூப்பிட்டு ஒரு பிடி பிடித்தார். ஒன்றும் கழிக்காமல் பதிந்தது பதிந்தபடி நாலே நாளில் மறுபடி போட்டுக் கொடுத்தார், அதற்குக் காசு இல்லை. பாதியில் நிற்கிற பாட்டுகளை நெட்டிலிருந்து எடுத்து முழுசாக்கித் தரவா என்று பையன் பயந்துகொண்டே கேட்டான். வேண்டாம் என்றேன்.

போகிறவர்கள் பென்டிரைவை நீங்களே கொண்டு போங்கள், அங்கே வாங்கினால் விலை அதிகம். அறுபது நிமிஷம் நூறு ரூபாய், தொண்ணூறு நிமிஷம் நூற்றைம்பது. மத்தியானம் ரெண்டு முதல் நாலு வரை ஷட்டர் இறங்கியிருக்கும். "சுத்தம் பண்ண வேண்டாம்" என்று ஒரு தாளில் எழுதிக் கேசட்டோடு ரப்பர் போட்டுக் கொடுத்துவிடுங்கள்.

அஞ்சுக்கு நாலு ஸ்டார். ஒன்று அந்த 26 நாளுக்காகக் குறைத்தது.

வாங்கப் போன அன்றைக்கு, அந்த முதல் கேசட்டை மட்டும் தானும் ஒரு காப்பி வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். அதற்கென்னண்ணே என்றேன். வீட்டுக்கு வந்து பில்லைப் பார்த்தால் தேறிய 21 கேசட்டில் இருபதுக்குத்தான் காசு போட்டிருந்தார்.