சிங்க்குக்கு அடியில் கரி ஃபில்டர்: எட்டு மாச அனுபவம்

பத்து இஞ்ச் ஹவுசிங் (வெளிக்கூடு) 950 ரூபாய், உள்ளே போடுற கரி கார்ட்ரிட்ஜ் 480. நாலு ஸ்டார் தர்றேன்.

முதல்ல பெரிய ஆர்ஓ வாங்கத்தான் இருந்தேன். டெமோ காட்ட வந்த தம்பி டிடிஎஸ் மீட்டரை டம்ளர்ல முக்கி, "420 சார், கேன்சர் வரும்"னார். அது கரைஞ்சிருக்கிற உப்புக் கணக்கு. என் பயம் வேற. எங்களுக்கு வர்றது ஏரித் தண்ணி. இலையும் பாசியும் மக்கின சாறு அதுல இருக்கும். அதோட குளோரின் சேர்ந்தா குளோரோஃபார்ம் மாதிரி ட்ரைஹாலோமீத்தேன்கள் உண்டாகும். வருஷக்கணக்கா அதிகமா உள்ளே போனா சிறுநீர்ப்பைப் புற்றுநோய் அபாயம் கூடலாம்னு ஆய்வுகள் சொல்லுது. நம்ம நாட்டுக் குடிநீர்த் தரம் ஐஎஸ் 10500 குளோரோஃபார்முக்கு மட்டுமே லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் வரை விடுது. அமெரிக்காவுல இந்த வகையில நாலையும் சேர்த்தே 0.08தான். இதுல எதுவும் அந்த மீட்டர்ல தெரியாது. தம்பி டீ குடிச்சிட்டுக் கிளம்பினார். கரி அதைப் பிடிக்கும்னு இந்த ஃபில்டரை வாங்கினேன்.

அதுக்காக குளோரினே வேண்டாம்னு சொல்ல மாட்டேன். அது இல்லாட்டி வாந்திபேதி நாளைக்கே வரும்.

நீச்சல் குளத்துக்காரங்க வெச்சிருக்கிற, குளோரின் இருந்தா தண்ணியை மஞ்சளாக்குற ஓடிஓ சொட்டு வாங்கிப் பார்த்தேன். குழாய்த் தண்ணி எலுமிச்சை மஞ்சளாச்சு, ஃபில்டர் தண்ணியில நிறமே இல்லை. அஞ்சாவது மாசமும் அப்படியே. இங்கதான் நான் ஏமாந்தேன். கரி குளோரினை ரொம்ப நாள் பிடிக்கும். குளோரோஃபார்மைப் பிடிக்கிற சக்தி அதுக்கு முன்னாடியே தீர்ந்துடும். மஞ்சள் வரட்டும்னு காத்திருக்கக் கூடாது. இப்போ மூணு மாசத்துக்கு ஒண்ணு மாத்துறேன். ஊருக்குப் போயிட்டு வந்தா அஞ்சு நிமிஷம் திறந்து விட்டுடுவேன். குளோரின் இல்லாத தண்ணி உள்ளே தேங்கினா கிருமி வளரும்.

ஒரு ஸ்டார் குறைச்சது ரப்பர் வளையத்துக்காக. முதல் தடவை மாத்தினப்போ அது கோணலா உட்கார்ந்து, ராத்திரி முழுக்க ஒழுகி, அரிசி மூட்டையோட அடி ஊறிப்போச்சு.

அம்மா இன்னும் ஃபில்டர் தண்ணியையும் அடுப்புல ஏத்துறாங்க. மூடாம கொதிக்க விட்டா மிச்ச குளோரோஃபார்மும் ஆவியாகிடும்ங்கிறதால நான் ஒண்ணும் சொல்றதில்லை. தட்டை மட்டும் எடுத்து வெச்சிடுவேன்.