தண்ணீரைப் பிரிக்க நிக்கல்-இரும்பா, கோபால்ட்-பாஸ்பேட்டா?

மின்பகுப்பில் மின்சாரத்தை அதிகம் வீணடிப்பது ஆக்சிஜன் பக்கம்தான். அங்கே வினையை விரைவாக்கும் வினையூக்கியாக, விலை மிகுந்த இரிடியம் கட்டுப்படியாகாது என்றால், மலிவு உலோக வினையூக்கிகளில் முதலில் கண்ணில் படுபவை இரண்டு: காரக் கரைசலில் இயங்கும் நிக்கல்-இரும்பு ஹைட்ராக்சைடு, 2008-இல் வேதியியலாளர்கள் கேனனும் நோசெராவும் அறிவித்த கோபால்ட்-பாஸ்பேட். நான் நிக்கல்-இரும்பின் பக்கம்.

மின்னழுத்தக் கணக்கே பாதி வழக்கை முடித்துவிடும். கோபால்ட்-பாஸ்பேட் pH 7-இல் ச.செ.மீ.க்கு 1 மில்லி ஆம்பியர் தர, கோட்பாட்டின்படி தேவையானதைவிட 0.41 வோல்ட் மிகையாகக் கேட்கிறது. நிக்கல் ஃபோம் (பஞ்சுபோல் துளைகள் நிறைந்த உலோகம்) மேல் படிந்த நிக்கல்-இரும்பு 1 மோலார் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் ச.செ.மீ.க்கு 10 மில்லி ஆம்பியரை 0.2–0.3 வோல்ட் மிகையிலேயே தந்துவிடும். ஃபோமின் உள்பரப்பு மிக அதிகம் என்பதால், இதில் ஒரு பங்கு பரப்பின் புண்ணியம்.

செய்முறை எளிது. நிக்கல் ஃபோமை அசிட்டோனிலும், பிறகு 3 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சுமார் 10 நிமிடமும் கழுவுங்கள். 100 மி.லி. நீரில் 87 மி.கி. நிக்கல் நைட்ரேட், 121 மி.கி. இரும்பு நைட்ரேட் (இரண்டும் நீரேறிய படிகம்) கரைத்து, வெள்ளி-வெள்ளி குளோரைடு ஒப்பீட்டு மின்வாய்க்கு எதிராக −1.0 வோல்ட்டில் 300 விநாடி ஃபோம் மேல் படிய வையுங்கள். நைட்ரேட் ஒடுங்கும்போது (எலக்ட்ரான் ஏற்கும்போது) மின்வாயருகே காரத்தன்மை ஏறி ஹைட்ராக்சைடு ஒட்டிக்கொள்ளும். கரைசல் செம்பழுப்பாகக் கலங்கியிருந்தால் இரும்பு முன்பே வீழ்படிந்துவிட்டது. கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள். விரலில் பொடி ஒட்டினால் படிவு தடித்துவிட்டது. அது குமிழ் வேகத்தில் உதிரும்.

தீர்மானிப்பது பராமரிப்பு, அதிலும் இரும்பு. வேலை செய்யச் செய்ய இரும்பு மெல்லக் கரைந்து வெளியேறும். மிஞ்சும் வெறும் நிக்கல் மிகவும் மந்தம். சாதாரண ஆய்வகக் காரத்திலேயே சுவடளவு இரும்பு இருப்பதால் கரைந்த இடம் ஓரளவு திரும்ப நிரம்பும். காரத்தைச் சுத்திகரித்தால் இந்த நிரப்பல் நின்றுபோகும். மின்னழுத்தம் ஏறத் தொடங்கினால் மின்வாயை மாற்றும் முன் கரைசலில் பத்து லட்சத்தில் 0.1 பங்கு அளவுக்கு இரும்பு உப்பு சேர்த்துப் பாருங்கள். இதே காரணத்தால் வெறும் ஃபோமும் சாதாரணக் காரத்தில் நாளடைவில் தேறும். ஒப்பிட அதையும் பக்கத்தில் ஓட்டாமல் உங்கள் படிவைப் புகழாதீர்கள். கண்ணாடிப் பாத்திரத்தைக் காரம் அரிக்கும், பாலிபுரோப்பிலீன் நல்லது.

ஆய்வகத்தில் சில நூறு மணி நேரம் தாங்குவதை வைத்து, வெயிலோடு நின்று நின்று ஓடும் ஆலையில் பல ஆண்டு தாங்கும் என்று சொல்லிவிட முடியாது.

கோபால்ட்-பாஸ்பேட்டுக்கும் உரிய இடம் உண்டு. கரைசலில் பாஸ்பேட் இருக்கும்வரை, கரைந்த கோபால்ட் தானே திரும்பப் படியும். சிலிக்கான் சூரியத்தகட்டின் மேலேயே வினையூக்கி ஒட்ட வேண்டுமானால் அதைத்தான் எடுக்க வேண்டும். காரம் சிலிக்கானையே கரைத்துவிடும்.